கடைசிப் பெட்டி தாண்டும் வரை

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. இதை யார் சரிபார்க்கப் போகிறார்கள், தண்டவாளத்தையே சரிபார்க்காதவர்கள். காலையிலிருந்து இந்த வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கதவு, கதவுக்கு உள்ளே பெரிய அதிகாரி. எங்கள் பாசஞ்சர் எதனால் கவிழ்ந்தது என்று கண்டுபிடிக்க வெளியூரிலிருந்து வந்திருக்கிறாராம். பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் ஜங்ஷனுக்கு வந்து சொல்லலாம் என்று பேப்பரில் போட்டிருந்ததை டீக்கடையில் யாரோ வாசிக்க, என் பெண்டாட்டி சீனியம்மா கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். கடைசிப் பெட்டியில் இருந்தவர்களில் வாய் திறந்து பேசக்கூடிய ஆள் யார் மிச்சம் என்று அடுப்பைக் கேட்டாள். நான் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டு அவிழ்ந்து போயிற்று, மறுபடி கட்டினேன். அவள் விடவில்லை. "நீங்க பேச மாட்டேன்னு வீம்பு புடிச்சீங்க. அவரு இப்பப் பேச முடியாமப் போயிட்டாரு. வீம்புல யாரு ஜெயிச்சா?" என்றாள். அவள் வாயைத் தைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் வந்துவிட்டேன். வந்தேன் என்றால் வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உள்ளே போய்ச் சொல்லப் போகிறேனா என்று எனக்கே தெரியாது. கூப்பிட்டால் ஒன்றும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். முருங்கைக்காய் விற்கிற கிழவன் தூங்கினான் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்.

அவர் அவர் என்று சீனியம்மா சொன்னது என் தம்பியை. அவன் பெயரை நான் சொல்வதில்லை. அப்பனைச் சுட்ட சாம்பல் ஆறும் முன்னால், ஊர்க்காரர்கள் நிற்கும்போதே, இனி இவன் பெயர் என் வாயில் வராது என்று சொன்னேன், வந்ததும் இல்லை. வெளியாள் யாராவது கேட்டால் கருவேப்பிலைக்காரன் என்பேன். அவன் கருவேப்பிலை விற்றான், நான் முருங்கைக்காய். ஒரே ஊர், ஒரே ரயில், ஒரே சந்தை, திரும்பும்போதும் ஒரே ரயில். எங்கள் புளியோடைக்காரர்கள் எல்லாருமே கடைசிப் பெட்டியில்தான் ஏறுவோம், அதுதான் சந்தைப் பக்கத்து வாசலுக்கு நேராக நிற்கும். அதனால் அவனும் நானும் அத்தனை வருஷம் ஒரே பெட்டியில் போய் வந்தோம். அவன் அந்தக் கதவோரம், நான் இந்தக் கதவோரம். நடுவில் ஊரே உட்கார்ந்து சீட்டாடும், சண்டை போடும், பூக் கட்டும். அவன் முகத்தை நான் பார்க்க மாட்டேன். ஆனால் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் எப்போது வெற்றிலை மடிக்கிறான், யாரிடம் சிரிக்கிறான், செருப்பு வார் அறுந்ததை எந்த நூலால் தைத்திருக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். வேண்டியவனை யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வேண்டியவன் பாட்டுக்கு இருப்பான், நாம் பாட்டுக்கு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்போம். வேண்டாதவன் மேலேதான் கண் போய்ப் போய் உட்காரும். ரயில் கவிழ்ந்த அன்றைக்கும் என் கண் அவன் மேலேதான் இருந்தது. அதுதான் இப்போது வினை.

சங்கிலி. எல்லாரும் சங்கிலி என்கிறார்கள். ஊருக்கு ஊர் இதே பேச்சு. ஓடுகிற ரயிலில் கடைசிப் பெட்டியில் ஒருத்தன் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான், பின்னாலிருந்து பிரேக் விழுந்தது, முன்னால் இன்ஜின் இழுக்கிறது, நடுவில் வளைவு, பெட்டி குதித்துவிட்டது. இழுத்தவன் யார்? சங்கிலிக்கு நேர் கீழே பிணமாகக் கிடந்தவன். அவன்தான் கருவேப்பிலை. அவன் ஏன் இழுத்தான்? புளியோடைக்காரன் ஆயிற்றே, கூட்டத்தில் குதிக்க முடியாமல் ஓடைப் பாலத்தில் நிறுத்தி இறங்குவதற்கு இழுத்திருப்பான். சங்கிலியின் இரும்பு முறுக்கிக் கிடந்ததாம், அது இழுத்ததில் முறுக்கியதா, கவிழ்ந்ததில் முறுக்கியதா என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். கார்டுக்குத் தெரிந்திருக்கும், அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. செத்தவர்கள் வீட்டு ஜனங்கள் அவன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கருமாதிக்கு ஒரு வீட்டாரும் வரவில்லை. அவன் பெண்டாட்டி பவளக்கொடி பொதுக் குழாயில் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்து நகர்த்துகிறார்கள் என்று சீனியம்மா சொன்னாள், அதையும் அடுப்பிடம்தான் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டபோது முதலில் என்ன தோன்றியது என்றால், நன்றாக வேண்டும். அப்படித்தான் தோன்றியது. அதை ஏன் மறைக்க வேண்டும். தோன்றின பிறகு சோறு இறங்கவில்லை, அதுவும் உண்மை.

தண்ணீர்ப் பானை அந்த மூலையில் இருக்கிறது. எழுந்து போனால் பெஞ்சின் இந்த முனை போய்விடும், வேறு யாராவது வந்து என் இடது பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். இடது பக்கம் யாரும் வேண்டாம். துண்டைக்கூட இப்போதெல்லாம் வலது தோளில்தான் போடுகிறேன். அன்றைக்கு ரயிலில் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தாள் என்று சீனியம்மாவிடம் சண்டை பிடித்தேன், எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அது இருக்கட்டும். எதனால் கவிழ்ந்தது என்றால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். வெயில் என்கிறான் ஒருத்தன். பங்குனி வெயிலில் இரும்பு நீண்டு, போக இடமில்லாமல் பாம்பு மாதிரி நெளிந்துவிடுமாம். நெளியட்டும், நெளியும் என்று தெரிந்தவன் மத்தியானம் வந்து பார்க்க வேண்டாமா, அவன் எந்த மரத்தடியில் தூங்கினான்? சக்கரம் தேய்ந்திருந்தது என்கிறான் இன்னொருத்தன். தேய்ந்ததை யார் ஓடவிட்டது? சமூக விரோதிகள் என்கிறான், ரயிலே பார்க்காத ஒருத்தன். ஓடைப் பாலத்தை வருஷக்கணக்கில் பழுது பார்த்தார்களே அந்தக் கான்டிராக்டர் என்கிறான் ஒருத்தன், அவன் பேரில் எனக்கும் கோபமுண்டு, என் முருங்கைக் கட்டின் மேல் ஜீப்பை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன். ஜல்லி சரிந்திருந்தது என்கிறார்கள். அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். பாலம் பழுதானதிலிருந்து அந்த இடத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். வேகத்தைக் குறை என்று எண் எழுதின மஞ்சள் பலகை ஒரு பக்கம், இனி எடுக்கலாம் என்று இன்னொரு பலகை மறு பக்கம். அது எங்களுக்கு ஸ்டேஷன் ஆயிற்று. உண்மையான ஸ்டேஷனில் இறங்கினால் வெயிலில் ஊருக்குத் திரும்பி நடக்க வேண்டும், இங்கே இறங்கினால் வீட்டு வாசல். கிழவிகள்கூடக் கூடையை முதலில் போட்டுவிட்டுப் பின்னால் குதிப்பார்கள். லைன் பார்க்கிற கேங்மேன் ஒருத்தன் தலையில் அடித்துக்கொள்வான். "ஒங்க ஊருக் குதிகாலெல்லாம் சேந்து என் ஜல்லிய ஓடைக்குள்ள அனுப்புதுடா" என்பான். நாங்கள் சிரிப்போம். மெதுவாகப் போவது எங்களைக் காப்பாற்றுவதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களை இறக்கி விடுவதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறக்கிறது. பியூன் வேறு யாரையோ கூப்பிடுகிறான். கோட்டுப் போட்ட ஒருத்தர் போகிறார், கையில் தடித் தடியாகக் காகிதம். பெஞ்சின் அந்த முனையில் ஒரு பையன் மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கிறான், பையன் இல்லை, முப்பது முப்பத்தைந்து இருக்கும், நெற்றியில் பிளாஸ்திரி. காலையிலிருந்து அவனும் இருக்கிறான். யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. அவனுக்கு வந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவன்தான் ஓட்டினவன் என்று பியூன் சொல்லித் தெரிந்தது, ஜெபராஜ் என்று பெயர். தெரிந்ததும் எனக்குச் சுறுசுறுப்பாகிவிட்டது. கோபிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்ளும், எப்போதும் அப்படித்தான். இவன்தானே. இவன் கைதானே. நன்றாகப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருக்கிறது. கழுத்தில் சிலுவை. சட்டைப் பையில் குழந்தையின் கிளிப் ஒன்று மாட்டியிருக்கிறது, பூப் போட்டது, அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அந்தக் கிளிப்பைப் பார்த்திருக்கக் கூடாது. அதைப் பார்த்ததும் கோபம் பிடி கிடைக்காமல் வழுக்குகிறது. அவன் மெல்ல நகர்ந்து வந்தான். என் வலது பக்கம்தான், அதனால் சும்மா இருந்தேன். நீங்கள் அந்த ரயிலில் வந்தவரா என்று கேட்டான். தலையை ஆட்டினேன். அதற்குமேல் நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொல்லிக்கொண்டே போனான், கேட்க ஒரு காது கிடைத்தால் போதும் என்பது போல. அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றால், இன்ஜின் பலகையைத் தாண்டினால் போதாதாம், கடைசிப் பெட்டி தாண்டுகிற வரைக்கும் பொறுத்துத்தான் வேகம் எடுக்க வேண்டுமாம். பின்னால் கண் கிடையாதே, அதனால் ஓட்டுகிறவர்கள் ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருப்பார்களாம். இவனுக்குக் கேட் பக்கத்துக் குடிசை. இன்ஜின் குடிசைக்கு நேராக வந்தால் வால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எத்தனையோ நாள் அப்படியே எடுத்திருக்கிறானாம், ஒன்றும் ஆனதில்லை.

"அன்னைக்கு உத்திரத்துக் கூட்டம். பின்னால ரெண்டு பெட்டி கூடச் சேத்திருந்தாங்க" என்றான். மின்விசிறி டக் டக் என்றது. நான் அவனைப் பார்க்கவில்லை. குடிசை என் கண்ணுக்குள் வந்து நின்றது, ஓலை சரிந்து, வாசலில் ஆடு கட்டியிருக்கும். நானும் அதைப் பார்த்துத்தான் மூட்டையை எடுப்பேன். அவனுடைய அடையாளம்தான் எனக்கும் அடையாளம். அவன் பழக்கத்தில் எடுத்தான், நாங்கள் பழக்கத்தில் எழுந்து நின்றோம், கூடச் சேர்ந்த இரண்டு பெட்டி மட்டும் பழக்கத்தில் இல்லை. அவன் திரும்பவும் ஆரம்பித்தான். "பெட்டியக் கூட்டித்தான் எடுத்தேனா, பழைய கணக்குல எடுத்தேனா, எனக்கே தெரியலங்க ஐயா. ராத்திரியெல்லாம் கூட்டிப் பாக்குறேன். ஆனா பிரேக்குக் காத்தக் காட்டுற முள்ளு திடீர்னு எறங்குச்சு, அது சத்தியம். பின்னால யாரோ சங்கிலி இழுத்தா அப்படித்தான் எறங்கும்." பெட்டி குதித்துக் காற்றுக் குழாய் அறுந்தாலும் அப்படித்தான் இறங்குமா என்று அவனைக் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது. அவன் வெகுநேரம் ஆறின டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியும் எறங்கும்" என்றான். பிறகு அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். "நீங்க எந்தப் பெட்டி? சங்கிலிய யாரும் இழுத்தாங்களா?" அவன் முகத்தில் இருந்தது ஆசை. பசித்தவன் இலையைப் பார்ப்பது போல என் வாயைப் பார்த்தான். ஒருத்தன் இழுத்திருக்க வேண்டும், இழுத்திருந்தால் இவன் தூங்கலாம். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

வராந்தாவுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் புங்க மர நிழல். அங்கே பவளக்கொடி உட்கார்ந்திருக்கிறாள். முதல் பஸ்ஸில் வந்தாள், நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். ரயிலில் அவளும் வருவதில்லை, நானும் வருவதில்லை. ஒரு முறைதான் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அழுவாள், காலில் விழுவாள் என்று பார்த்தேன், விழுந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், போடி என்று சொல்லியிருக்கலாம். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அத்தான், எங்களுக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க பாத்தது என்னமோ அதச் சொல்லுங்க" என்றாள். நான் பார்த்தேன் என்று இவளுக்கு யார் சொன்னது. அப்புறம் தோன்றிற்று, அவனும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணன் இன்றைக்கு இருமிக்கொண்டே வந்தான், அண்ணனுக்கு முருங்கைக்காய் விற்கவில்லை, பாதிக் கட்டோடு திரும்பினான் என்று. இந்த நினைப்பு வந்ததும் அதைத் தள்ளிவிட்டேன். தள்ளத் தள்ள வருகிறது. இவன் யார் என் இருமலைப் பற்றிப் பேச.

அப்பன் செத்த அன்றைக்கு நான் வெளியூரில் செங்கல் காளவாசலில் இருந்தேன். ஆள் விட்டார்கள், கிடைத்த ரயிலில் ஏறினேன், இதே பாசஞ்சர். வழியெல்லாம் நின்று நின்று வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று கருவேலங்காட்டுக்குள் நின்றபோது இறங்கி ஓடிவிடலாம் என்று நினைத்தேன், எந்தப் பக்கம் ஓடுவது. நான் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகை. தலைப்பிள்ளை நான் இருக்க இளையவன் கொள்ளி வைத்துவிட்டான். பொழுது சாய்கிறது, எத்தனை நேரம் போட்டு வைப்பது என்று பெரியவர்கள் சொன்னார்களாம், பிணம் ஊதிக்கொண்டிருந்ததாம். சொல்லட்டும். நான் வருகிறேன் என்று அவனுக்குத் தெரியும். வந்துகொண்டே இருந்தேன். பின்னால் ஒருத்தன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் முன்னால் இருக்கிறவன் பொறுக்கவில்லை, அவ்வளவுதானே. அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும். மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு என் முன்னால் வந்து நின்றான். அண்ணே என்று சொல்லிக் கையை என் தோளில் வைத்தான். தட்டிவிட்டேன். பட்டென்று சத்தம் கேட்கும்படி தட்டினேன். சரியாகத்தான் செய்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இடது தோள்.

இதோ மறுபடி அங்கே வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் இந்தத் தோளுக்கே வந்து முட்டுகிறது, பழுதுபட்ட இடத்துக்கு வந்ததும் ரயில் ஊர்கிற மாதிரி நினைப்பு ஊர்கிறது. வெயிலைப் பற்றி நினைக்கலாம். அன்றைக்கு ஜன்னல் கம்பி சுட்டது. பெட்டி முழுக்கக் காவடிக்காரர்கள், மஞ்சள் துணி, திருநீற்று வாசனை, குழந்தைகளின் மொட்டைத் தலையில் பூசின சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கூட்டத்தில் அவனுடைய கதவோரம் போய்விட்டது, தள்ளித் தள்ளி என் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எனக்கு அருகில் நின்றான். அவ்வளவு அருகில் அவன் நின்று எத்தனை காலம். விற்றுத் தீர்ந்தாலும் அவன் மேல் கருவேப்பிலை வாசனை போகாது. ஒரு தர்பூசணி வாங்கியிருந்தான், பெரியது, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தான். கூட்டத்தில் அது நசுங்கிவிடக் கூடாதே என்று அதன் மேலேயே கண். காதோரத்தில் மயிர் முழுக்க நரைத்துவிட்டது. இவனுக்கு எப்போது நரைத்தது. நான் பார்த்துக்கொண்டேதானே இருந்தேன். முன்னால் குடிசை தெரிந்தது. எல்லாரும் மூட்டையைத் தூக்கினோம். அப்புறம் அந்த இழுப்பு. முன்னாலிருந்து ஒரு இழுப்பு, பெட்டி பெட்டியாகக் கைமாறி வந்து எங்கள் பெட்டியை வெடுக்கென்று இழுத்தது. நின்றவர்கள் எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள்கூட. அப்புறம், அப்புறம் என்ன, சத்தம். அதற்கு அப்புறம் நான் கண் திறந்தபோது வானம் ஜன்னலுக்குள் இருந்தது, கீழே உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஜல்லி மேல் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது, ஐயோ இரத்தம் இரத்தம் என்று ஒருத்தி கத்தினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், தர்பூசணி. அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தர்பூசணிதான் என்று அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். திரும்பின இடத்தில் அவன் கிடந்தான்.

இழுப்புக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். அதை உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும்? சங்கிலி இல்லை என்று ஆகும். சங்கிலி இல்லை என்றால் இழுப்புதான். இழுப்பு என்றால் பெஞ்சில் இருக்கிற இவன். பூக் கிளிப்பை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவான். சொல்லாவிட்டால் கருவேப்பிலைக்காரன் ஊருக்குள் கொலைகாரனாகவே இருந்துவிட்டுப் போவான், அவன் பேரப்பிள்ளைகளை யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு ஒரு பகை தீரும். ஒரு காலத்தில் இப்படி ஒரு வாய்ப்புக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது தேடிப் பார்க்கிறேன், இவன் மேல் வைக்கவும் பகை எழும்ப மாட்டேன் என்கிறது, அவன் மேல் வைத்ததும் வைத்த இடத்தில் இல்லை. வீட்டில் பழக்கமான இடத்தில் கை நீட்டிச் செம்பைத் தேடுகிறவன் மாதிரி துழாவுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. சொல்லிவிட்டால் அது போய்விடும். இப்போது அது என்னிடம் மட்டும் இருக்கிறது, சட்டைக்குக் கீழே. அங்கே ஒருத்தர் கேட்டு, ஒருத்தர் இங்கிலீஷில் மாற்றி, ஒருத்தர் மிஷினில் தட்டி, அது ரயில்வேக்காரர்களுடையது ஆகிவிடும்.

"பெரியாண்டி. புளியோடை பெரியாண்டி யாரு?" பியூன் என்னைத் தாண்டிப் பார்த்துக் கூப்பிடுகிறான். எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. ஜெபராஜ் எழுந்து என்னைத் தாங்க வந்தான், இடது பக்கமாக வந்தான், வேண்டாம் என்று விலகிக்கொண்டேன். அவன் தப்பாக நினைத்திருப்பான். நினைக்கட்டும். வெளியே பார்த்தேன், பவளக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். அவள் கை கூப்பவில்லை, ஒன்றும் செய்யவில்லை. உள்ளே குளிர்ந்திருந்தது. நீளமான மேசை. பெரிய அதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடி, நான் நினைத்த மாதிரி மிடுக்காக இல்லை, ஜலதோஷம் பிடித்திருந்தது. அவர் கேட்பதைப் பக்கத்தில் ஒருத்தர் தமிழில் கேட்டார். எந்தப் பெட்டி, எங்கே உட்கார்ந்திருந்தீர், வேகம் எப்படி இருந்தது. சொன்னேன். முன்னாலிருந்து இழுத்தது என்றேன். சத்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்றார். முன்னால் என்றேன். மிஷின் தட்டினது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனை நினைத்தேன். நினைத்ததற்காக மாற்றிச் சொல்ல வரவில்லை. சங்கிலியை இழுத்ததாகச் சொல்லப்படுகிற நபரைத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அவர் பெயர் என்ன என்றார்.

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எளிமையான கேள்வி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள், ஒரே மூச்சில், என் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு அவன் பெயருக்குப் போய்விடுவாள்.

"சன்னாசி" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. "என் கூடப் பொறந்த தம்பி."

தமிழில் கேட்டவர் அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி மூக்கைத் துடைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார். தம்பி என்பதால் சொல்கிறீரா என்று கேட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஊரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் கூட்டத்தில் அவரை மட்டும் எப்படிக் கவனித்தீர் என்றார்கள். பேச்சுவார்த்தை இல்லாததால்தான் என்றேன். அது அவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை, மிஷின் கொஞ்சம் நின்று பிறகு தட்டியது. இழுப்பு வந்தபோது அவர் கை எங்கே இருந்தது என்றார்கள். ஒரு கையில் தர்பூசணி, நெஞ்சோடு அணைத்திருந்தான் என்றேன். இன்னொரு கை?

வாயால் சொல்ல முடியவில்லை. வலது கையைத் தூக்கி என் இடது தோளில் வைத்துக் காட்டினேன். விரல் எங்கே இருந்தது, கட்டைவிரல் எங்கே அழுந்தியது, எல்லாம் அந்தந்த இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. விழாமல் இருக்கப் பிடித்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பிறகு நிலையாக நின்றதும் சங்கிலியை இழுக்க அந்தக் கையை எடுத்திருக்கலாம் அல்லவா என்றார்கள்.

"இல்ல. விழாம நின்னுட்டான். நின்ன பெறகும் எடுக்கல." மிஷின் தட்டவில்லை. அவர்கள் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தார்கள். "என் தோளுன்னு அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தட்டிவிடல. அப்பறந்தான் சத்தம்."

பிறகு நான் சொன்னதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துத் தெரியுமா, ரேகையா என்று கேட்டு, மையைத் தள்ளி வைத்தார்கள். வலது கை இன்னும் தோளின் மேலேயே இருந்தது. பெரியவரே, கை என்றார் தமிழில் கேட்டவர், மெதுவாகத்தான் சொன்னார். ரேகை வைக்க அதை எடுக்க வேண்டியிருந்தது.